கொசுறும் இலவசமும்

அரைக் கிலோ வறுத்த ரவை 49 ரூபாய். அதே பொட்டலம் இரண்டு சேர்த்து வாங்கினால் 99 ரூபாய். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில், ‘சிறப்புச் சலுகை’ என்னும் தலைப்போடு இந்த விலை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன்முன் அரை நிமிடம் நின்றோம். பிறகு இரண்டு பொட்டலங்களை எடுத்துக் கூடைக்குள் இட்டுக்கொண்டு, ஏதோ ஆதாயம் கண்டவர்களைப்போல அடுத்த வரிசைக்கு நடந்தோம்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். கணக்கு எங்கள் துறையன்று என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் இரண்டு நாற்பத்தொன்பது தொண்ணூற்றெட்டு என்பதை அறிய எந்தத் துறையும் வேண்டியதில்லை. வெண்பாவில் ஓர் அசை மிகுந்துவிட்டால் உடனே பிடித்து மாணவரை நிறுத்தி வைக்கிற எங்கள் காதுக்கும் கண்ணுக்கும், ஒரு ரூபாய் மிகுந்தது எப்படிப் புலப்படாமற் போயிற்று? வெட்கத்தைவிட வியப்பே மேலோங்கி நிற்பதால் இதை எழுதுகிறோம்.

பிழையைக் கண்டவர் பெரியவர். (எங்களுள் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். யாருக்கு எது என்பது இங்கே தேவைப்படாது. பெரியவர் என்றே குறிப்பிடுகிறோம்.) தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1975 முதல் 2009 வரை மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து தங்கிய நாள்தொட்டு, மாதச் சாமான் வந்து இறங்கியதும் அவர் செய்கிற முதற்காரியம், பில்லைக் கேட்டு வாங்குவதுதான். மேசையில் அதை நீட்டி விரித்து, இரு முனைகளிலும் கண்ணாடிக் கூட்டையும் மாத்திரை டப்பாவையும் பாரமாக வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போவார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. இயந்திரம் கூட்டிய கணக்கை மனிதர் ஏன் மறுபடியும் கூட்ட வேண்டும் என்று தொடக்கத்தில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கண்ணில் புரை வளர்ந்திருக்கும் முதியவருக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று விட்டுவிட்டோம்.

ரவை வந்த அன்று அவருடைய பென்சில் ஓரிடத்தில் நின்றது. “ஒத்தையா வாங்குனா என்ன வெல?” என்று கேட்டார். சொன்னோம். “அப்ப ஒரு ரூவா எதுக்கு?” என்றார். விடை சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. “ரெண்டு பேரும் வாத்தியாரு” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அந்த இரண்டாவது ரவைப் பொட்டலத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மாதத்துக்கு அரைக் கிலோ ரவைதான் செலவாகும். இரண்டாவது பொட்டலம் அலமாரியின் பின்வரிசையில் இருந்தது. மழைக்காலம் முடிந்து அதைப் பிரித்தபோது எங்களுக்கு முன்பே வண்டுகள் அதில் குடியேறியிருந்தன.

அன்றிலிருந்து நாங்களும் சிறு குறிப்பேடு ஒன்றோடு அங்காடிக்குப் போகத் தொடங்கினோம். எல்லாரும் பொருளைப் பார்க்கும் இடத்தில் நாங்கள் எண்களைப் பார்த்தோம். துவரம்பருப்பு ஒரு கிலோ 168 ரூபாய். பக்கத்திலேயே அரைக் கிலோ 82 ரூபாய். அதாவது இரண்டு சிறியவை ஒரு பெரியதைவிட 4 ரூபாய் மலிவு. பெரிய பொட்டலம் மலிவாகத்தான் இருக்கும் என்னும் நம்பிக்கை நம் எல்லாருக்கும் எப்படியோ ஊறிப் போயிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு, அது நாலு ரூபாய். குளியல் சோப்பு: நூறு கிராம் கட்டி மூன்று வாங்கினால் ஒன்று இலவசம், கட்டு 174 ரூபாய். கீழ்த்தட்டில், குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்படி, அதே நிறுவனத்தின் 125 கிராம் கட்டி தனியாக 52 ரூபாய்க்கு இருந்தது. கட்டில் உள்ள சோப்பு கிராமுக்கு நாற்பத்து மூன்றரைப் பைசா. தனிக்கட்டி நாற்பத்தொன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல். நானூறு கிராமுக்கு வைத்துப் பார்த்தால், இலவசக் கட்டியோடு வாங்குகிறவர் ஏழரை ரூபாய் கூடுதலாகத் தருகிறார். இலவசத்துக்குத் தரும் கட்டணம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம்.

இந்தக் கணக்கை இங்கே எழுதுவது எளிது. அங்கே நின்றுகொண்டு போடுவது எளிதன்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஒருவர் காத்திருக்கிறார், ஒலிபெருக்கியில் பாட்டு, குழந்தை ஒன்று மிட்டாய்க்கு அழுகிறது. விலைச்சீட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது விலையன்று, மிச்சம். ‘நீங்கள் சேமிப்பது 60 ரூபாய்’ என்று கட்டைவிரல் அளவு எழுத்தில் இருக்கும். எவ்வளவு தர வேண்டும் என்பது சுண்டுவிரல் நக அளவில் இருக்கும்.

அந்த அறுபது ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடிக்கொண்டு போனபோதுதான், உறையின் மேல் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையைப் பற்றி நாங்கள் எவ்வளவு தவறாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது. முன்பு உறைகளில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று போட்டிருப்பார்கள். வரி என்னும் பெயரில் ஊருக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நிறுத்தி, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையை அச்சிடச் செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த எண்ணைத் தீர்மானிப்பது அரசன்று, பொருளைச் செய்கிறவர். பெரும்பாலான பொருள்களுக்கு, இவ்வளவுதான் போடலாம் என்று மேல்வரம்பு விதிப்பார் எவருமில்லை. 120 ரூபாய்க்கு விற்கக் கருதும் பொருளின் மேல் 180 என்று அச்சிட்டுவிட்டால், அறுபது ரூபாய்ச் சேமிப்பு பிறந்துவிடுகிறது. எந்தக் கடையிலும் எந்நாளும் 180 ரூபாய்க்கு விற்றிராத பொருளின் விலை குறைந்துவிட்டதாக நாம் மகிழ்கிறோம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் அலகு விலை. முன்பெல்லாம் தேயிலை, பிஸ்கட், சமையல் எண்ணெய், சோப்பு போன்ற பண்டங்களை இன்னின்ன எடைகளில் மட்டுமே அடைத்து விற்க வேண்டும் என்று விதி இருந்தது. 2011ஆம் ஆண்டு விதிகளின் இரண்டாம் அட்டவணை அதற்கென்றே இருந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டு, உறையில் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதை அச்சிட வேண்டும் என்றது. சில ஒத்திவைப்புகளுக்குப் பிறகு அது நடைமுறைக்கும் வந்தது. அட்டவணை போனதும் எடைகள் அவிழ்த்துவிட்ட கன்றுகள்போல ஆயின. லிட்டர் எண்ணெய் உறையின் அளவும் நிறமும் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது 850 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும் என்று தெரிந்தவருக்கே அங்கே குறைவு தெரியும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பல ஆண்டுகளாக ஐந்து ரூபாயாகவே இருந்தது. உறைக்குள்ளே பிஸ்கட்டுதான் மெலிந்துகொண்டு வந்தது.

சரி, அலகு விலைதான் இருக்கிறதே என்று உறையைத் திருப்பினோம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமென்றால் கிராமின் விலை. மேற்பட்டதென்றால் கிலோவின் விலை. இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி அச்சிட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரைக் கிலோ 68 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.136, முழுமையாக்கினால் 0.14. அரைக் கிலோ 72 ரூபாய் என்றால் 0.144, அதுவும் 0.14. கிலோவுக்கு எட்டு ரூபாய் வேறுபடும் இரண்டு பொருள்கள் உறையின்மேல் ஒரே விலையுடையனவாக நிற்கின்றன. மேலும் அந்த எண் அதிகபட்ச விலையை வகுத்து வந்தது. கடையின் சலுகை விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எழுத்தின் அளவைப்பற்றிப் பேசவே வேண்டாம். பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “எறும்பு ஊருத மாதிரி இருக்கு” என்றார்.

இந்த நாள்களில்தான் வகுப்பில் பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்தோம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள், வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்தார்கள் என்று உருத்திரங்கண்ணனார் சொல்லும் இடம் வந்தது. “அப்படியா இருந்தாங்க, உண்மையாவா?” என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. எல்லா வணிகரும் அப்படியே இருந்திருந்தால் புலவர் அதைச் சிறப்பாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது. ஆனால் அந்த இடத்தில் எங்களை நிறுத்தியது வேறொரு சொல். ‘பகர்தல்’ என்றால் சொல்லுதல். விற்றல் என்பதும் அதே சொல்லுக்குப் பொருள். விற்பவர் பகர்நர். வாய்திறந்து சொல்வதும் விற்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருந்திருக்கின்றன. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் தெருவில் கூவிக்கொண்டு போகிறாள். நெல்லுக்கு உப்பு நேர் அளவு என்பதே அவளுடைய கூவல். அலகு விலையைக் கூவிச் சொல்லி விற்றவள் அவள். எறும்பு ஊர்ந்ததுபோல அச்சிடவில்லை. இருபது ஆண்டுகளாக இப்பாட்டைப் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். தலைவன் அவள்மேல் கொண்ட மயக்கத்தையே விளக்கிவிட்டு, அவள் சொன்ன கணக்கை ஒருநாளும் விளக்கியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கொள்கையே உருவாகிவிட்டது. ஆசிரியர்களுக்கு இது ஒரு நோய். கொசுறு வேறு, இலவசம் வேறு என்பது அக்கொள்கை. கொசுறு என்பது பேரம் முடிந்து, விலை தீர்ந்து, பணம் கைமாறியபின் கேட்டு வாங்குவது. கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது. கீரைக்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே வைப்பதும், மளிகைக் கடைக்காரர் சிறுவனின் கையில் ஒரு பிடி பொரிகடலையைத் திணிப்பதும் கொசுறு. இலவசமோ விலைக்கு முன்னால் வந்து நிற்பது; விலையை மறைப்பதற்கென்றே வருவது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் எங்கள் பக்கம் இருப்பதைக் கண்டோம். கொடுக்கல் வாங்கலின் மொத்தத் தொகைக்குள் முழுவதையோ ஒரு பகுதியையோ வசூலித்துக்கொண்டு, ஒரு பொருளை இலவசமாகத் தருவதுபோன்ற எண்ணத்தை உண்டாக்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. 2020 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பொருளில் ஒரு பகுதி இருந்தது. அப்படியானால் அந்தச் சோப்புக் கட்டு?

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னோம். அவர் தம் கடையை நாங்கள் கொண்டாடுவதைக் கேட்டு மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டு, “கொசுறு சும்மா வந்துச்சுன்னா நெனைக்கிய?” என்றார்.

பிறகு சொன்னார். பொரிகடலையின் விலை பருப்பில் இருந்தது. மாதத்துக்கு இவ்வளவு கொசுறு போகும் என்று அவருக்குத் தெரியும். பருப்புக்கு விலை வைக்கும்போதே அதைச் சேர்த்துத்தான் வைப்பார். சீனியைத் தாளோடு சேர்த்தே நிறுப்பார்கள். கனமான தாளாகப் பார்த்து வாங்குகிற கடைக்காரர்களும் உண்டு. புளியைக் கொட்டையோடு நிறுப்பது ஒரு விலை, கொட்டை எடுத்து நிறுப்பது ஒரு விலை. ஆனால் மழைநாளில் ஈரம் குடித்த புளிக்குத் தனி விலை கிடையாது. பற்று வைத்து வாங்குகிறவர்களுக்கு ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களைவிட ஒரு சுற்று கூடத்தான் போடுவார். “வட்டின்னு சொல்ல மாட்டோம். வெலைன்னுதான் சொல்லுவோம்.”

எங்கள் கொள்கை பாதியில் சரிந்து நின்றது. அப்படியானால் இவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டோம். சற்றுக் கோபமாகவே கேட்டோம் என்று நினைவு. அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார்; விடை வர நேரமாயிற்று. “கொசுறக் காட்டி ஆளக் கூப்புட மாட்டோம். அப்பறம், எங்கிட்ட ஏமாந்தவன் மறுநாளு எம் மொகத்தப் பாத்துக் கேப்பான். கேட்டா நான் பதில் சொல்லணும்” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

அடுத்த மாதம் நல்லெண்ணெய். தட்டில் ஒட்டியிருந்த சீட்டு லிட்டர் 349 ரூபாய் என்றது. பில்லில் 385 ரூபாய் இருந்தது. பென்சில் நின்றது. நாங்கள் ஐயமின்றி நினைவு வைத்திருந்தோம், ஏனென்றால் குறிப்பேட்டில் எழுதியிருந்தோம். முப்பத்தாறு ரூபாய். இம்முறை பெரியவர் கேள்வி எதையும் கேட்கவில்லை. பில்லை மடித்து எங்கள் கையில் கொடுத்தார். மொகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள்.

போவதற்குமுன் ஒரு புகார்க் கடிதம் எழுதினோம். நல்ல கடிதம் அது. கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறோம். சட்டப்பிரிவு, தேதி, தொகை, குறிப்பேட்டு நகல் எல்லாம் அதில் இருந்தன. அலைபேசியில் நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் பதிந்து வைத்துக்கொண்டோம். கிளை மேலாளர் இளைஞர், பண்பானவர். உட்காரச் சொல்லி, கடிதத்தை நாங்கள் நீட்டுவதற்கு முன்பே விவரத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே திரும்பி ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார். எண்ணெய், மசாலா வரிசைக்குப் பொறுப்பானவரை வரச் சொன்னார்.

வந்தவள் எங்கள் மாணவி. 2023இல் இளங்கலைத் தமிழ் முடித்தவள். தமிழ்த்துறை வழக்கப்படி, “ஐயா, அம்மா, வாங்க” என்றாள். சீருடையில் அவளை அடையாளம் காண எங்களுக்கு ஒரு கணம் ஆயிற்று. அவளுக்கு அந்தக் கணம் தேவைப்படவில்லை. பழைய சீட்டை எடுக்காமல் விட்டது அவள்தானா என்று மேலாளர் எங்கள் முன்னாலேயே கேட்டார். ஆமாம் என்றாள். அவளை வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, எங்களிடம் வருத்தம் தெரிவித்து, இழப்பீடாக ஒரு கூப்பனைக் கொடுத்தார். ஐம்பது ரூபாய் தள்ளுபடி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் செல்லும், முப்பது நாளுக்குள். முப்பத்தாறு ரூபாயைத் திரும்பக் கேட்க வந்தவர்களிடம் இன்னும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கச் சொல்லும் சீட்டு அது. வாங்கிக்கொண்டோம். ஏன் வாங்கிக்கொண்டோம் என்று இன்றும் தெரியவில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு அவள் பின்னாலேயே வந்தாள். சலுகை தொடங்குவதும் முடிவதும் தலைமை அலுவலகத்தில். நள்ளிரவு தாண்டியதும் கணினியில் விலை மாறிவிடும். காலையில் கதவு திறப்பதற்குள் சீட்டுகளை அச்சிட்டு மாற்ற வேண்டும். பதினான்கு வரிசைகளுக்கு இரண்டு பேர். சில நாள்களில் அச்சு இயந்திரத்தில் தாள் இருக்காது. கணினியில் விலை ஏறுவதற்குத் தவறாத நேரம் உண்டு; சீட்டு மாறுவதற்கு ஆள் வேண்டும். வாடிக்கையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் அந்த வரிசைக்காரரின் சம்பளத்தில் பிடித்தம் வரும், மூன்று முறையானால் வேறு கிளை. வேறு கிளை என்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். அம்மா தனியாக இருக்கிறார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, விளக்கமாகச் சொன்னாள். பிறகு எங்கள் கையிலிருந்த உறையைப் பார்த்து, “எழுதிக் கொண்டு வந்திருக்கீங்களா ஐயா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னோம். அவளுக்கு வகுப்பில் நாங்கள் சொன்ன முதற்பொய் அதுவாக இருக்காது. ஆனால் தெரிந்தே சொன்ன முதற்பொய் அதுதான்.

வீடு திரும்பும்வரை இருவரும் பேசவில்லை. சட்டம் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. புகார் நிறுவனத்தின்மேல்தான், அவள்மேல் அன்று. ஆனால் நிறுவனம் அதைத் தன் கையிலிருந்து அவள் கைக்கு மாற்றிவிடும் என்பதும் தெரிந்தது. பெரியவர் சொன்ன முகம் இதுதானோ? கேட்கப் போன இடத்தில் பதில் சொல்ல வந்து நின்றது, விலையை ஏற்றியவரின் முகமன்று. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை என்பதை அன்று நினைத்துக்கொண்டபோது சிரிக்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் வாதிட்டோம். நல்லெண்ணெயைப் பற்றி எழுதினால் அவளைத் தொடும். ரவையைப் பற்றி எழுதினால்? ‘இரண்டு 99’ என்பதை அவள் முடிவு செய்யவில்லை. அது தலைமை அலுவலகத்தில் எவரோ தெரிந்தே வைத்த விலை. சோப்புக் கட்டும் அவ்வாறே. ஆகவே முதற்கடிதத்தைக் கிழித்துவிட்டு இரண்டாவது கடிதத்தை எழுதினோம். கிளையின் பெயரைக் குறிப்பிடாமல், படம் எடுத்து இணைத்து, தலைமை அலுவலகத்துக்கு நேரே அனுப்பினோம். எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கோழைத்தனத்துக்கு நாகரிகப் பெயர் சூட்டிக்கொண்டோம் என்று ஒருவர் சொல்கிறோம். அடிக்க வேண்டிய இடம் பார்த்து அடித்தோம் என்று மற்றவர் சொல்கிறோம். நாளுக்கு நாள் இடம் மாற்றிக்கொண்டும் சொல்கிறோம்.

பதினெட்டு நாளில் மறுமொழி வந்தது. இரண்டு பொட்டலங்களின் விலை அவற்றின் அதிகபட்சச் சில்லறை விலையைவிடக் குறைவாகவே இருந்ததென்றும், எனவே வாடிக்கையாளர் சலுகை பெற்றவரே என்றும், எங்கள் கருத்துக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. உறையை எடுத்துப் பார்த்தோம். அச்சிட்டிருந்த விலை 62 ரூபாய். இரண்டுக்கு 124. அதிலிருந்து 99ஐக் கழித்தால் 25 ரூபாய் எங்களுக்கு மிச்சம்தான். அந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. பெரியவரிடம் படித்துக் காட்டினோம். “அறுவத்திரெண்டுக்கு யாராச்சும் வாங்கியிருக்கானா, கேளு” என்றார். அந்த ஒரு வரியைச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இம்முறை கடிதம் அவ்வளவு நன்றாக வரவில்லை. எண்கள் மட்டுமே இருக்கின்றன.

மாணவி இன்னும் அதே வரிசையில்தான் இருக்கிறாள். நாங்கள் போகும் நாளில், ஏதேனும் ஒரு சீட்டு பழையதென்றால், கண்ணால் காட்டுகிறாள்.

கூப்பன் பெரியவரின் குறிப்பேட்டுக்குள் கிடந்து காலாவதி ஆனது. கடை நடத்திய காலத்தில்போலவே அதில் வரவு, பற்று, வர வேண்டியது என்று மூன்று பத்தி கிழித்து வைத்திருக்கிறார். மூன்றாம் பத்தியில் 36 ரூபாய் இருக்கிறது. மாதம் பிறந்து புதுப்பக்கம் திருப்பும்போதெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து, அதை மறுபடியும் மேலே எடுத்து எழுதுகிறார்.